கழுத்தில் ஒரு முகத்துவாரம்

கோடையில் ஏரித் தண்ணீர் கரையை விட்டு உள்ளே ஒடுங்கும்போது பழவேற்காட்டில் ஒரு வாசனை எழும், உப்பேறிய சேறும், காய்ந்த பாசியும், நண்டு ஓடும், யார் வீட்டு வாசலிலோ பாயில் பரப்பிய மடவைக் கருவாடும் சேர்ந்த வாசனை, அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது நாற்றமாகப் படுவதே இல்லை. சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில் அதனோடு இன்னொன்றும் வந்து கலந்தது, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண் பையிலிருந்து எடுத்த பஞ்சின் ஸ்பிரிட் வாசனை. சித்தியின் விரல் நுனியைத் துடைத்து, ஊசியால் குத்தி, எழும்பிய ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வாங்கி, கருவியில் எண் வரும்வரை இருவரும் பேசாமல் இருந்தார்கள். “எவ்ளோம்மா கீது?” என்றாள் சித்தி. “இருநூத்திப் பத்து, ஆயா. மாத்திர விட்டுட்டீங்களா?” சித்தி பதில் சொல்லாமல் ஏரியைப் பார்த்தாள், அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள், ஸ்பிரிட் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் திண்ணையில் தங்கியது.

அந்த வாசனை என்னைச் சின்ன தாத்தாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது, அவர் படுத்திருந்த கோட்டைக்குப்பத்து ஓலை வீட்டுக்கு, உள்ளே நுழைந்ததும் வேப்பெண்ணெயும் கற்பூரமும் பீடிப் புகையும் ஒன்றாக முகத்தில் அடித்த அந்த அரை இருட்டுக்கு. 1970களின் பிற்பகுதி அது. என் தாத்தாவின் தம்பி, சுத்து வலை கட்டுவதில் ஊரில் பேர் எடுத்தவர், கழியை ஊன்றித் தோணியைத் தள்ளும்போது தோள்பட்டையில் நரம்பு புடைத்து நிற்கும், வற்றிய உடம்பு, ஒரு பிடி கூடுதல் சதை கிடையாது. ஒரு விடியற்காலையில் வலையை உதறிக்கொண்டிருந்தவரின் இடது கை சொன்னபடி கேட்கவில்லை, வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சு குழறியது, வெயில் ஏறுவதற்குள் இடது காலும் விழுந்துவிட்டது. காத்து அடிச்சிடுச்சு என்றார்கள், வாதம் என்றார்கள், ஆகாதவர்கள் யாரோ ஏவிவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். புறாக்களைப் பிடித்துவந்து, அறுத்து, சூடு ஆறுவதற்குள் அந்த ரத்தத்தைக் கை காலில் பூசினார்கள், சின்ன ஆயா அது காய்ந்து உதிரும்வரை பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டிருப்பாள். பறவையின் ரத்தத்தை அவர் மேல் பூசிய அந்த ஊரில் அவருடைய ரத்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

அவர் விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் கரையில் உட்கார்ந்து வலையின் கண்ணிகளைப் பொத்திக்கொண்டிருந்தபோது சாதாரணமாக ஒன்று சொன்னார், நான் பக்கத்தில் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். “வலது கண்ணு கொஞ்ச நேரம் அவிஞ்சே போச்சுடா, ஏரியே தெரியல, அப்பால தானா வந்துடுச்சு.” பக்கத்தில் இருந்த பெரியவர் வெயில் என்றார், இன்னொருவர் பித்தம் என்றார், சின்ன தாத்தா தலைத்துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். பல வருஷங்கள் கழித்து மருத்துவப் புத்தகம் ஒன்றில் அதே காட்சியைப் படித்தபோது என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. கழுத்துத் தமனியில் ஏற்படும் அடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள உறவைக் கனடா நாட்டு நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர் 1951இல் விரிவாக எழுதினார், வலது கண் சில நிமிஷம் இருட்டிப் பிறகு தெளிவதும், பின்னொரு நாள் இடது கை கால் விழுவதும், வலது கழுத்தில் ஓடும் ஒரே ரத்தக் குழாயின் காரியமாக இருக்கலாம் என்பதை அவருடைய நோயாளிகள் வழியாகத்தான் மருத்துவ உலகம் தெளிவாகக் கற்றுக்கொண்டது. சின்ன தாத்தாவின் கண் இருட்டியபோது அந்தச் செய்தி எழுதப்பட்டு கால் நூற்றாண்டு ஆகியிருந்தது, எங்கள் கரைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

அவருடைய அண்ணன், என் தாத்தா, வேறு ஒன்றைப் படித்தவர். ஏரியின் முகத்துவாரம் எப்போது அடையும், எந்தப் பக்கம் மண் ஏறும் என்பதைக் கரையில் நின்றே சொல்லுவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆற்றிலும் காளங்கி ஆற்றிலும் வரும் வெள்ளம் ஏரியை நிரப்பி, முகத்துவாரத்தைக் கிழித்துக்கொண்டு கடலில் விழும், பிறகு மாசி, பங்குனியில் உள்ளிருந்து தள்ளும் வேகம் குறையக் குறையக் கடல் மணலைக் கொண்டுவந்து வாயில் போடும், ஒரு கோடையில் வாய் முழுக்க மூடிவிட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது, வற்றும் தண்ணீர் கடலைவிடக் கரிக்கத் தொடங்கும், ஊருக்குப் பாடு இருக்காது. தாத்தா நுரை எங்கே சுற்றிச் சுற்றி நிற்கிறது என்று பார்ப்பார், கையில் இருக்கும் சருகைப் போட்டு அது எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்ப்பார். “தண்ணி எங்க தயங்குதோ அங்கதாண்டா மண்ணு படுக்கும்” என்பார். திட்டு கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே அதைச் சொல்லுவார், கேட்டுக்கொண்டு ஊர் மண்வெட்டியோடு கிளம்பும்.

கழுத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். இதயத்திலிருந்து மேலேறும் தமனி, குரல்வளைக்குப் பக்கத்தில், தாடை எலும்புக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரிகிறது, ஒன்று மூளைக்கும் கண்ணுக்கும், மற்றது முகத்துக்கும் தலையின் வெளிப்புறத்துக்கும். நேராக ஓடும் இடத்தில் ரத்தம் சுவரை வழித்துக்கொண்டு போகிறது, பிரிகிற இடத்தில் குழாய் சற்று அகன்று ஓட்டம் தயங்கிச் சுழல்கிறது, அந்தச் சுழலை ஒட்டிய வெளிச்சுவரில்தான் கொழுப்புப் படிவு முதலில் ஏறுகிறது. தாத்தாவின் பேச்சை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். ஆனால் ஒரு இடத்தில் உவமை நின்றுவிடுகிறது, அங்கேதான் உயிரும் நிற்கிறது. மணல் தரையின் மேல் படுக்கிறது, கொழுப்போ சுவரின் உள்தோலுக்கு அடியில் புகுந்துவிடுகிறது, அங்கே அது கெடுகிறது, அதைத் தின்று தீர்க்க வந்த வெள்ளை அணுக்கள் தின்ன முடியாமல் உப்பி அங்கேயே தங்குகின்றன, மேலே ஒரு நார் மூடி வளர்கிறது, சில இடத்தில் சுண்ணாம்பும் ஏறுகிறது. குழாய் முழுக்க அடைபட்டுத்தான் வாதம் வரும் என்றில்லை, பாதி வழி திறந்திருக்கும்போதே அந்த மூடி கிழிந்தால் அங்கே ரத்தம் கட்டுகிறது, கட்டியதிலிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்து மேலே போகிறது, கண்ணுக்குப் போனால் கண் இருட்டுகிறது, மூளைக்குப் போனால் கை விழுகிறது. முகத்துவாரம் அடைவதை ஊர் முழுக்கப் பார்க்கிறது, கழுத்து அடைவதைக் கழுத்துக்குரியவரே அறிவதில்லை.

சின்ன வயதில் நாங்கள் விளையாடப் போன இடங்களில் ஒன்று டச்சுக்காரர்களின் கல்லறை. 17ஆம் நூற்றாண்டில் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வியாபாரத்துக்குப் பழவேற்காட்டையே தலைமை இடமாக வைத்திருந்தவர்கள், 1690இல் அதை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டு போனார்கள், போனவர்கள் எடுத்துப்போக முடியாத மனிதர்கள் அங்கே கிடக்கிறார்கள். வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், எங்களுக்கு அதன் மேல் பயம் கிடையாது, அதன் விலா எலும்பில் விரலை வைத்து எண்ணுவோம், பக்கத்துத் தெருவில் பனையோலைக்குச் சாயம் காய்ச்சும் வாசனை காற்றில் வரும், பெட்டி முடையும் மரக்காயர் வீட்டுப் பாட்டி ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து ஓலையைப் பல்லில் கடித்துக் கிழித்தபடியே எங்களை அதட்டுவாள். அவள் வெற்றிலையோடு சேர்த்துப் போடும் புகையிலை வாசனை பனையோலையிலும் ஏறியிருக்கும், அந்தப் பெட்டியில் எதைப் போட்டாலும் கொஞ்ச நாள் அந்த வாசனை வரும்.

செத்தவர்களின் எலும்பைத் தாண்டி ரத்தக் குழாயையும் பார்க்க முடியும் என்று அப்போது தெரியாது. 2013இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஓர் ஆய்வில் எகிப்து, பெரு, வட அமெரிக்கா ஆகிய இடங்களின் பழைய உடல்கள் 137ஐ சி.டி. ஸ்கேனில் வைத்துப் பார்த்தார்கள், 47 உடல்களில் தமனிப் படிவு இருந்தது அல்லது இருந்ததற்கான தடயம் இருந்தது. அந்த 137 பேரில் ஐந்து பேர் அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் வாழ்ந்த உனாங்கன் மக்கள், கடலையே நம்பிப் பிழைத்தவர்கள், அந்த ஐவரில் மூவருக்குப் படிவு இருந்தது. பழைய சாப்பாடு, பழைய உழைப்பு, நோயே கிடையாது என்று நம் வீட்டில் யாராவது தொடங்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூவர் ஞாபகம் வருகிறார்கள், கூடவே ஒரு பிடி சதை கூடுதலில்லாத சின்ன தாத்தாவும் வருகிறார். உனாங்கன் மக்களின் வீட்டுக்குள் எண்ணெய் விளக்கின் புகை மண்டியிருக்கும், அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். சின்ன தாத்தாவுக்கு விறகு அடுப்பின் புகையும், பீடியும், மூன்று வேளையும் உப்புக் கருவாடும், ஒருமுறைகூட அளக்கப்படாத ரத்தக் கொதிப்பும் இருந்தன. பழைய காலத்தை நான் நேசிக்கிறேன், அது நோயற்ற காலம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் ஒன்று மாறித்தான் இருக்கிறது, சித்தி வீட்டு அடுப்படியில் நின்றால் அது தெரியும். ஆயா இருந்த காலத்தில் விடியலில் கேழ்வரகுக் கூழ், மோர் இருந்தால் மோர், இல்லாவிட்டால் வெறும் உப்பு, கடித்துக்கொள்ளச் சுட்ட கருவாடு, பகலில் கிடைத்தால் உண்டு, அரிசிச் சோறும் மீன் குழம்பும் ராத்திரிக்குத்தான், மண்சட்டியில் புளி கொதிக்கும் வாசனையும் தாழ்ந்த திரியில் எரியும் மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் வெளிச்சமும் சேர்ந்தால்தான் எனக்கு அந்தச் சோறு நினைவில் வரும். ஆயா மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளூர்களுக்கு நடந்தே போய் விற்றுவிட்டு வருவாள், வந்ததும் காலைக் கழுவாமல் வாசலில் உட்கார்ந்து, முந்தானையை அவிழ்த்துச் சில்லறையை எண்ணி, எண்ணியதை மறுபடியும் எண்ணி, அதற்குப் பிறகுதான் தண்ணீர் கேட்பாள். 2011இலிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது, அதை யாரும் குறை சொல்லக் கூடாது, பசி என்றால் என்ன என்று அறிந்த வீடுகள் அவை, மழைக்காலத்தில் அடுப்புப் பற்றவைக்காத நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அரிசி பசியைத் துரத்தியது, பிறகு மூன்று வேளைச் சோறாகவும், இட்லியாகவும், நடுவில் வரும் பரோட்டாவோடும் குளிர்பானத்தோடும் சேர்ந்து வேறொன்றாகவும் ஆனது. கழிக்கும் துடுப்புக்கும் பதில் ஃபைபர் படகும் மோட்டாரும் வந்தன, தலைச்சுமைக்குப் பதில் ஷேர் ஆட்டோ வந்தது, ஏரியில் பாடு சுருங்கியதும் பையன்கள் காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுகத்திலும் கம்பெனிகளிலும் நாற்காலிக் காவல் வேலைக்குப் போனார்கள். உடம்பு மட்டும் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறது, வந்ததைச் சேர்த்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறது.

சேர்க்கும் வேலை கல்லீரலில் நடக்கிறது. வேண்டியதற்கு மேல் வரும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி, டிரைகிளிசரைடு என்ற பெயரில் ரத்தத்தில் ஏற்றி அனுப்புகிறது, இன்சுலினின் சொல் எடுபடாமல் போன உடம்பில் அந்த ஏற்றுமதி நிற்பதே இல்லை. டிரைகிளிசரைடு நிறைந்த ரத்தத்தில் நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் ஹெச்.டி.எல். தேய்கிறது, கெட்டது என்று சொல்லப்படும் எல்.டி.எல். அளவில் அவ்வளவாக ஏறாமலேயே சின்னச் சின்னத் துகள்களாகச் சுருங்கி எண்ணிக்கையில் பெருகுகிறது, சுவருக்குள் புகுவதற்கு அந்தச் சின்னத் துகள்கள் தோதானவை. இந்தியர்களிடம் அதிகம் காணப்படுவது இந்த அமைப்புதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இந்தியாப்’ ஆய்வு தமிழ்நாட்டையும் சேர்த்து நான்கு பகுதிகளில் ரத்தக் கொழுப்பைப் பார்த்து 2014இல் வெளியிட்டபோது, மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள் 13.9 சதவீதமாகவும், ஹெச்.டி.எல். குறைந்தவர்கள் 72.3 சதவீதமாகவும் இருந்தார்கள். எல்லோரும் கேட்டு வைத்திருக்கும் எண் அமைதியாக இருக்க, யாரும் கேட்காத எண் மூழ்கிக்கொண்டிருக்கிறது.

சித்தி மகனின் ரிப்போர்ட்டைப் பார்த்தபோது இதெல்லாம் ஏட்டுச் செய்தியாக இல்லாமல் போனது. அவன் எனக்குத் தம்பி, ஐம்பதைத் தொடாதவன், பார்வைக்கு ஒல்லி, இடுப்பை மட்டும் நாடா வைத்து அளந்தால் ஆண்களுக்கு நம் நாட்டில் சொல்லப்படும் 90 செ.மீ. வரம்பைச் சற்றுத் தாண்டும். சாமி படத்துக்குப் பின்னால், பிளாஸ்டிக் பைக்குள், பழைய ரேஷன் அட்டையோடும் படகு லைசென்ஸோடும் மடித்து வைத்திருந்தான். மொத்தக் கொலஸ்ட்ரால் 188. “நார்மல்னு போட்டுக்கீதுண்ணா” என்று அந்த வரியைத்தான் முதலில் காட்டினான், அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் மடித்து வைத்திருக்கிறான். கீழே டிரைகிளிசரைடு 240, ஹெச்.டி.எல். 32, வெறும் வயிற்றுச் சர்க்கரை 130. மொத்தத்திலிருந்து ஹெச்.டி.எல்.லைக் கழித்தால் 156 வருகிறது, சுவருக்குள் புகக் கூடிய கொழுப்பு முழுவதும் அந்தக் கழித்த தொகைக்குள்தான் இருக்கிறது, சர்க்கரை உள்ளவர்களுக்கு அது 130க்குள் இருப்பது நல்லது என்பார்கள். டிரைகிளிசரைடை ஹெச்.டி.எல்.லால் வகுத்தால் ஏழரை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, 2008இல் மெக்சிகோ நாட்டு ஆய்வாளர்கள் முன்வைத்தது, டிரைகிளிசரைடையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பெருக்கி, இரண்டால் வகுத்து, அதற்கு இயற்கை மடக்கை எடுப்பது, இன்சுலினை அளக்கும் செலவு இல்லாமலே இன்சுலின் எவ்வளவு செல்லாக்காசாகிவிட்டது என்று ஊகிக்க ஒரு வழி. டிரைகிளிசரைடு 100, சர்க்கரை 90 உள்ளவருக்கு அது 8.4 வரும், என் தம்பிக்கு 9.66 வந்தது. சீனாவிலும் கொரியாவிலும் நடந்த பல ஆய்வுகளில் இந்த எண் ஏற ஏறக் கழுத்துத் தமனியில் படிவு இருப்பதும் கூடுவதாகக் கண்டார்கள், இதற்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே கோடு மட்டும் இன்னும் இல்லை. எண் சாபமில்லை, நுரை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது.

சர்க்கரைக்கும் கழுத்துத் தமனிக்கும் உள்ள உறவைச் சென்னையிலேயே கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கழுத்துத் தமனியின் உள்சுவர் தடிப்பை அல்ட்ராசவுண்டில் அளக்க முடியும் என்று இத்தாலியில் பிஞோலி என்பவரின் குழு 1986இல் காட்டியது, அதே முறையைக் கொண்டு டாக்டர் வி. மோகன் குழுவினர், சென்னை நகர மக்கள் ஆய்வில் சேர்ந்தவர்களின் கழுத்தை அளந்து 2000இல் வெளியிட்டார்கள். சர்க்கரை இல்லாதவர்களுக்குச் சுவரின் சராசரித் தடிப்பு 0.74 மி.மீ., சர்க்கரை உள்ளவர்களுக்கு 0.95 மி.மீ. இரண்டுக்கும் நடுவில் ஒரு மில்லி மீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான், வலைக்கண்ணி பொத்தும் நூலைவிடவும் மெல்லியது, அந்த இடைவெளிக்குள் பல வருஷங்களின் சோறும் புகையும் கொதிப்பும் இருக்கின்றன.

தம்பி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கழுத்தைத் தடவிப் பார்த்தான், “அப்ப ஸ்கேன் எடுத்துடலாமாண்ணா?” என்றான், படகுக்குக் கடன் வாங்கியது போக மிச்சமிருப்பதை அதில் போட அவன் தயார். தொந்தரவு எதுவும் இல்லாத எல்லோருக்கும் கழுத்து ஸ்கேன் வேண்டாம் என்றே அமெரிக்காவின் நோய்த் தடுப்புப் பணிக்குழு 2014இலும், மறுபடி 2021இலும் சொன்னது, அநாவசியமாகத் தேடிப் போனால் அநாவசியமான அறுவையில் முடியலாம் என்பது அதன் காரணம். ஆனால் ஒரு கண் இருட்டித் தெளிந்தவருக்கு, கை சில நிமிஷம் மரத்து மீண்டவருக்கு, பேச்சு குழறித் திரும்பியவருக்குக் கதை வேறு, அவர்களுக்கு அன்றே ஆஸ்பத்திரி, ஸ்கேன் எல்லாம் வேண்டும். அத்தகைய முன்னறிகுறி வந்து, குழாய் 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியவர்களுக்கு அறுவை செய்து படிவை எடுத்தபோது, அந்தப் பக்கத்துப் பக்கவாதம் இரண்டு வருஷத்தில் 26 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்ததை 1991இல் வட அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. சின்ன தாத்தாவின் இருட்டிய கண் அத்தகைய ஒரு முன்னறிகுறி, கரையில் நாலு பேர் காதில் விழுந்தும் வீணானது.

முழு வாதமே வந்துவிட்டால் ரத்தக் கட்டைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. லைட் ஹவுஸ் குப்பத்திலிருந்து பழவேற்காடு வந்து, பொன்னேரியைத் தாண்டி, லாரிகள் நிற்கும் சாலையில் ஊர்ந்து சென்னை போய்ச் சேருவதற்குச் சுமார் 60 கிலோ மீட்டர், கிளம்பலாமா என்று பெரியவர்கள் யோசிக்கும் நேரம் தனி. அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழும்போது ஊரே கரைக்கு வந்து அண்ணாந்து பார்க்கிறது, வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிர்கிறது, அந்தக் கரையில் இருப்பவர்களுக்குத்தான் ஆம்புலன்ஸ் வரும் நேரம் உயிர்க் கணக்காக இருக்கிறது. ஆகவே எங்கள் ஊருக்கு ஸ்கேனைவிட, அறுவையைவிட, முதலில் வேண்டியது பத்துப் பதினைந்து வருஷம் முன்னாலேயே வரும் அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிவது. எல்.டி.எல்.லையும் கொதிப்பையும் குறைக்கும் மாத்திரைகள் அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கின்றன, புகையை விடுவதற்குக் காசே வேண்டாம், சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து மீனில் ஒரு துண்டைக் கூட்டுவது ஏரிக்கரையில் முடியாத காரியம் இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் சித்தியின் திண்ணை வரை வந்து சேர்ந்திருக்கிறது, அது பெரிய காரியம், வந்த எண்ணை உட்கார்ந்து பேசுவதற்குத்தான் திண்ணையில் யாரும் இல்லை. தாத்தா இருந்த காலத்தில் நுரையைப் பற்றிப் பொழுது சாய்கிறவரை பேசினார்கள்.

பேசினால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. அதே நகர மக்கள் ஆய்வு நடந்த இரண்டு குடியிருப்புகளில் ஒன்று திருமங்கலத்தை அடுத்த ஆசியாட் காலனி. ரத்தத்தைக் கொடுத்த மக்களிடமே முடிவுகளை எடுத்துச் சொல்லிக் கூட்டம் போட்டுப் பேசியபோது, அவர்கள் தங்கள் கையிலிருந்து பணம் போட்டு நடப்பதற்கு ஒரு பூங்காவைக் கட்டிக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறவர்கள் முதலில் 14.2 சதவீதம், பிறகு 58.7 சதவீதம் ஆனார்கள் என்று 2006இல் அதை எழுதிவைத்தார்கள். அது மாதச் சம்பளக்காரர்களின் காலனி, எங்கள் ஊரில் பூங்காவுக்கு யாரும் காசு போட மாட்டார்கள், ஆனால் காலனிக்கு இல்லாத ஒன்று எங்களுக்கு இருக்கிறது, பாடு முறை.

கோட்டைக்குப்பத்திலும் ஆண்டிக்குப்பத்திலும் நடூர் மாதாக்குப்பத்திலும் ஏரியின் வலைக்கட்டும் இடங்களைத் தலைக்கட்டு வாரியாகப் பேர் எழுதி, சீட்டுப் போட்டு, இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்று பங்கு வைத்துக்கொண்ட வழக்கம் அது, எந்த அரசாங்கமும் வந்து கற்றுக்கொடுக்காதது. கூட்டம் நடக்கும் அன்று பெரியவர்கள் வேட்டியை மாற்றிக்கொண்டு, நெற்றியில் திருநீறு பூசி, கோயில் எதிரில் வரிசையாக உட்காருவார்கள், ஒருவர் பேர் படிப்பார், ஒரு தலைக்கட்டு விட்டுப்போனாலும் எழுந்து கேட்பார்கள், வாய்த் தகராறு வந்தாலும் பொழுது விடிவதற்குள் முடிந்துவிடும். இப்போது கூட்டத்தில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஏரியிலும் பங்கு வைக்கப் பழைய அளவுக்கு மீன் இல்லை, இருந்தாலும் எல்லாத் தலைக்கட்டும் ஓரிடத்தில் கூடும் நாள் இன்னும் அதுதான்.

தம்பியிடம் அதைச் சொன்னேன், கூட்டத்தன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஆளை வரச் சொல்லி, முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஒரே காலையில் ரத்தம் எடுத்து, கொதிப்பை அளந்து, வந்த காகிதத்தை மடித்து வைக்க விடாமல் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து வரி வரியாகச் சொல்ல வேண்டும், மொத்தம் நார்மல் என்பதோடு நிறுத்தாமல் கீழ் வரிகளையும் சொல்ல வேண்டும், கண் இருட்டித் தெளிந்தால் பித்தம் இல்லை என்பதை மட்டும் மைக்கிலேயே சொல்லிவிட வேண்டும். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான், பெரியவர்கள் ஒப்புவார்களா என்று கேட்பான் என்று நினைத்தேன். “வெறும் வயித்துல வரணும்னா கூட்டத்த வெடிகாலைல வைக்கணும்ணா, ராத்திரி வலைக்குப் போனவன் திரும்பி வர நேரம், அது ஒண்ணுதான் பேசணும்” என்றான். எங்கள் ஊரில் ஒரு காரியம் நடக்கப்போகிறது என்றால் பேச்சு இப்படித்தான் நேரத்தைப் பற்றியதாக மாறும், அதனால் நடக்கும் என்றே நம்புகிறேன், அவனுடைய டிரைகிளிசரைடு அடுத்த வருஷம் எவ்வளவு என்று கேட்க அந்தக் கூட்டத்துக்கு நானும் வெறும் வயிற்றோடு போவேன்.